ஏர்வாடி, 2001: சங்கிலியும் சம்மதமும்

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலை ஐந்து மணியளவில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இயங்கிவந்த மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் ஓலைக்கொட்டகை தீப்பற்றியது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். கட்டு சற்றுத் தளர்ந்திருந்த சிலர் வெளியே ஓடித் தப்பினர். 11 பெண்கள் உட்பட 25 பேர் இருந்த இடத்திலேயே கருகி இறந்தனர். தீக்காயங்களுடன் மீட்கப்பட்டவர்களிலும் சிலர் பிழைக்காததால் சாவு எண்ணிக்கை பின்னர் 28 ஆனது. பல உடல்களை அடையாளம் காணவே முடியவில்லை.

இந்நிகழ்வைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்டு வருகிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் மூடநம்பிக்கை, உரிமம் இல்லாமை, அதிகாரிகளின் அலட்சியம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். மூன்றும் உண்மையே. ஆயினும் அந்தக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டதிலிருந்து, தீக்குப் பிறகு அரசு வாகனங்களில் ஏற்றப்பட்டது வரை, எந்தக் கட்டத்திலாவது யாரேனும் அந்த மனிதர்களிடம் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்களா என்ற கேள்வியை முன்வைத்தே இந்த ஆய்வு நிகழ்வை மறுபடியும் படிக்க முயல்கிறது. மனநோய் உள்ளவரின் உரிமை பற்றி நம் சமூகம் கொண்டிருக்கும் மனப்பான்மை, அவரைக் கொடுமைப்படுத்தும் வேளையில் தெரிவதைவிட, அவருக்கு நன்மை செய்வதாக நம்பும் வேளையில்தான் இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

ஏர்வாடி என்ற இடம்

சையது இப்ராகிம் ஷஹீது பாதுஷாவின் அடக்கத்தலமான ஏர்வாடி தர்காவுக்கு இஸ்லாமியர் மட்டும் வருவதில்லை. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் எல்லா மதத்தவரும் நோயாளிகளை அழைத்து வருவார்கள். தர்கா விளக்கின் எண்ணெயும் ஓதிய நீருமே அங்கு மருந்து. குணமாகிவிட்டதென்று வீடு திரும்புவதற்குக் கனவில் உத்தரவு கிடைக்க வேண்டும் என்பது நம்பிக்கை. அந்த உத்தரவு சிலருக்குச் சில வாரங்களில் வரும். சிலருக்குப் பல ஆண்டுகள் ஆகியும் வராது. திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலுக்கும், தென்மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலத்துக்கும் இதே எதிர்பார்ப்போடு செல்பவர்கள் உண்டு. ஆகவே இதை ஒரு மதத்தின் பழக்கமாகச் சுருக்குவது பிழை.

காத்திருப்பு நீளும்போது குடும்பம் அங்கேயே தங்க முடியாது. கூலி வேலைக்குப் போகிறவரோ வயல் வைத்திருப்பவரோ எத்தனை மாதம் தர்கா வாசலில் உட்கார்ந்திருக்க முடியும்? அந்த இடைவெளியை நிரப்பத்தான் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. அவற்றை நடத்தியது தர்கா நிர்வாகம் அன்று, தனிநபர்கள். தம் வீட்டு நோயாளியோடு ஏர்வாடிக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டு, பிறகு மற்றவர்களின் நோயாளிகளையும் பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளத் தொடங்கியவர்களும் அவர்களில் உண்டு. இந்தத் தகவலை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். மனநோயின் துன்பத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே பார்த்த ஒருவர், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் காலில் பூட்டு போடுகிறார் என்றால், அதை ஈவிரக்கமின்மை என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட முடியாது.

சங்கிலி எதற்காக

சங்கிலியைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஓடிவிடுவான், கடலில் விழுந்துவிடுவான், யாரையாவது அடித்துவிடுவான், பெண்ணாக இருந்தால் வெளியே போய்ச் சீரழிந்துவிடுவாள். எல்லாமே பாதுகாப்பின் மொழி. அந்த மொழியில் பேசுகிற தாயோ அண்ணனோ பொய் சொல்வதில்லை. தீவிர மனச்சிதைவு நோயின் ஒரு கட்டத்தில் இவற்றில் சில நடக்கவும் கூடும். ஆனால் 1950களிலிருந்தே இந்நோய்க்கு மருந்து உண்டு. முறையாக மருந்து கிடைத்தால், பெரும்பாலோருக்கு அந்தக் கொந்தளிப்பான கட்டம் சில வாரங்களில் தணிந்துவிடும். தணிந்த பிறகும் கழற்றப்படாத சங்கிலி யாருடைய பாதுகாப்புக்காக என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுகிறது. ஏர்வாடிக் காப்பகங்களில் மருத்துவரே இல்லாததால், யாருக்குத் தணிந்தது, யாருக்குத் தணியவில்லை என்று சொல்லவும் ஆள் இல்லை. எல்லாருக்கும் ஒரே சங்கிலி.

பூட்டுக்கு ஒரு சாவி உண்டு. அது பராமரிப்பவரிடம் இருக்கும். சங்கிலியில் கிடப்பவர் சிறுநீர் கழிக்க எழ வேண்டுமானால் சாவி வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டும். அவர் உறங்கிக்கொண்டிருந்தாலோ, கூப்பிடுவதைப் "பைத்தியத்தின் கூச்சல்" என்று எடுத்துக்கொண்டாலோ, காத்திருக்க வேண்டும். மனநோயாளியின் உரிமைகளைப் பற்றிய நம் பொதுப்புத்தியின் முழு வடிவமும் இந்தச் சிறிய ஏற்பாட்டில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவர் சொல்வது எதுவாக இருந்தாலும் அது நோயின் அறிகுறியாகவே கேட்கப்படும். "என்னைக் கட்டாதீர்கள்" என்றால் நோய் முற்றிவிட்டது என்பார்கள். பேசாமல் கிடந்தால் குணமாகிக்கொண்டிருக்கிறது என்பார்கள். "வீட்டுக்குப் போக வேண்டும்" என்ற மிகச் சாதாரணமான ஆசைகூட, கனவில் உத்தரவு வராத வரை, ஒரு மனிதனின் சொல்லாகக் கணக்கில் சேராது.

குடும்பத்தின் பக்கத்தைத் தள்ளிவிட்டும் பேச முடியாது. மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாறிப் போய், வெளிநோயாளிச் சீட்டு வாங்கி, அரைநாள் வரிசையில் நின்று, ஒரு மாதத்து மாத்திரையோடு திரும்புவதற்கு, நோயாளியோடு துணைக்குப் போகிறவரின் ஒருநாள் கூலி போய்விடும். 2001இல் பல மாவட்டங்களில் அந்த வசதியும் சரியாக இல்லை. 2015–16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருப்பதாகக் கண்டது. ஏர்வாடித் தீக்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலைமை இதுதான் என்றால், 2001இல் தர்காவைத் தேடிச் சென்ற குடும்பத்தை அறியாமைக்காக மட்டும் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. அக்கம்பக்கத்தின் வாயும் ஒரு காரணம். தம்பிக்கு இப்படி என்று தெரிந்தால் அக்காவின் கல்யாணம் நின்றுபோகும். எனவே தம்பி வீட்டில் இல்லாமல் இருப்பதே எல்லாருக்கும் வசதி. காப்பகத்துக்கு மாதப் பணம் முதலில் ஒழுங்காகப் போகும், பிறகு தாமதமாகும், பிறகு நின்றுவிடும்.

சட்டம் அன்றும் இருந்தது

தீ நடந்த நாளில் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1912ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காலச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருந்தது. உரிமம் பெறாமல் மனநல மருத்துவமனையோ காப்பு இல்லமோ நடத்தக் கூடாது என்றும், மனநோயாளியை உடலாலோ மனத்தாலோ இழிவுபடுத்தவோ கொடுமைப்படுத்தவோ கூடாது என்றும் அது தெளிவாகவே கூறியது. எனினும் ஏர்வாடியின் காப்பகங்கள் ஒளிந்து இயங்கவில்லை. பெயர்ப்பலகை வைத்து, பேருந்து வந்து நிற்கும் ஊரில், எல்லாரும் பார்க்கத்தான் இயங்கின. சங்கிலியோடு நடப்பவர்களைத் தர்காவுக்கு வந்துபோன ஒவ்வொருவரும் பார்த்திருப்பார்கள். காவலரும் வருவாய்த்துறையினரும் அவர்களில் அடக்கம். ஒரு திருடனை அப்படிக் கட்டிப்போட்டிருந்தால், காவல் நிலையத்துக்கு யாராவது ஒருவர் போயிருப்பார்.

விபத்துக்குப் பிறகு நடவடிக்கை வேகமாகவே வந்தது. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, அவ்வகைக் காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினர் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டனர். என். ராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. காப்பக உரிமையாளர், அவர் மனைவி, உறவினர் இருவர் ஆகியோருக்கு 2007இல் நீதிமன்றம் ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

உச்ச நீதிமன்றம் செய்தித்தாள் செய்திகளின் அடிப்படையில் தானாக முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது. 2002 பிப்ரவரி 5 அன்று அது பிறப்பித்த ஆணை, மனநலச் சிகிச்சை தருவதாகச் சொல்லும் எல்லா இடங்களையும், பதிவு பெற்றவையானாலும் பெறாதவையானாலும், மாவட்ட வாரியாகக் கணக்கெடுக்கும்படி மாநிலங்களைப் பணித்தது; தரமில்லாதவற்றை மூடச் சொன்னது; சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்றும், நோயாளிகளைக் கோயில், தர்கா போன்ற இடங்களுக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்றும் கிராமப்புறங்களில் விழிப்புணர்வு ஏற்படுத்தச் சொன்னது. இந்த ஆணையால் விளைந்த நன்மைகளைக் குறைத்து மதிப்பிட முடியாது. பல மாநிலங்களில் அதற்குப் பின்னர்தான் அதிகாரிகள் இப்படிப்பட்ட இடங்களுக்குள் நுழைந்தே பார்த்தனர். ஆனாலும் அதன் வாக்கியங்களைக் கவனித்துப் படித்தால் ஒன்று புலப்படும். "அனுப்ப வேண்டும்" என்ற வினைதான் அங்கு மையம். நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பப்படுகிறார், அனுப்புகிறவர்கள் மாறுகிறார்கள், அனுப்பப்படுபவரின் விருப்பம் எங்கும் இடம்பெறவில்லை. ஓலைக்கொட்டகைக்குப் பதில் ஓட்டுக் கட்டடம், பூட்டுக்குப் பதில் உரிமம், பூசாரிக்கோ மௌலவிக்கோ பதில் மருத்துவர். இவர்களை எங்கே வைப்பது என்பதே எல்லாரும் விடைதேடிய கேள்வி.

அரசு மீட்டவர்களில் குடும்பத்தார் வந்து அழைத்துச் சென்றவர்களும் இருந்தனர், யாரும் தேடி வராதவர்களும் இருந்தனர். தன் பெயரையும் ஊரையும் சொல்லத் தெரிந்தும் ஏற்க ஆளில்லாதவர்கள் மருத்துவமனையின் உள்நோயாளிகளாகவே ஆண்டுக்கணக்கில் நீடிப்பது, ஏர்வாடிக்கு முன்பிருந்தே கீழ்ப்பாக்கம் அறிந்த துயரம். 1871இல் இன்றுள்ள இடத்துக்கு வந்த அந்த மருத்துவமனையின் பெயரைத் தமிழ்த் திரைப்பட நகைச்சுவை என்ன பாடுபடுத்தியது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் இரண்டு சொற்கள், அங்கிருந்து குணமாகி வெளியே வரும் ஒருவர் வாடகை வீடு தேடும்போது அவருக்கு முன்னதாகவே அந்தத் தெருவுக்குப் போய்விடுகின்றன. தென்மாவட்டங்களில் அதே வேலையை "ஏர்வாடிக்குத்தான் கொண்டுபோய் விடணும்" என்ற பேச்சு செய்கிறது. 28 பேர் எரிந்துபோன பிறகும் அந்தப் பேச்சு வழக்கொழியவில்லை என்பது எனக்கு இன்றும் ஜீரணமாகாத ஒன்று.

2017: கேள்வி மாறுகிறது

ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்று உறுதிசெய்தது. மனநலக் குறைபாடு உடையவரும் சட்டத்தின் முன் முழு மனிதரே, முடிவெடுக்க உதவி தேவைப்பட்டால் உதவி தரலாம், முடிவையே பறித்துக்கொள்ளக் கூடாது என்பது அவ்வுடன்படிக்கையின் சாரம். அதற்கு ஏற்ப 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்த வடிவிலும் எந்த முறையிலும் சங்கிலியிடுவதை அதன் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. ஒருவரின் உடலை அசையவிடாமல் கட்டுப்படுத்துவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மட்டும்தான் கூடும் என்று 97ஆம் பிரிவு சொல்கிறது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது என்றும் அது வெளிப்படையாகவே கூறுகிறது. இந்த வரியை எழுதியவர்கள் காப்பகங்களின் இரவு நேரத்தை நன்கு அறிந்தவர்களாக இருக்க வேண்டும்.

ஏர்வாடியின் கண்கொண்டு பார்த்தால், இவற்றைவிட எனக்குப் பெரிதாகப்படுபவை வேறு சில பிரிவுகள். ஒருவர் தம் சிகிச்சை பற்றி எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுவதால் மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது என்கிறது 4ஆம் பிரிவு. தமக்கு நோய் தீவிரமானால் எப்படிச் சிகிச்சை அளிக்க வேண்டும், எப்படி அளிக்கக் கூடாது என்பதை வயதுவந்த எவரும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்கிறது 5ஆம் பிரிவு. தமக்காகப் பேச வேண்டியவர் யார் என்பதையும் அவரே நியமிக்கலாம். அது அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, தோழியாகவும் இருக்கலாம். குடும்பம் இல்லை, அல்லது குடும்பம் ஏற்கவில்லை, அல்லது வீடில்லை என்ற காரணத்துக்காக எவரையும் மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்றும், அத்தகையோருக்கு மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட இடைநிலை இல்லங்களை அரசு அமைத்துத் தர வேண்டும் என்றும் 19ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. 1987 சட்டம் இடத்துக்கு உரிமம் கேட்டது. 2017 சட்டம் அந்த மனிதரிடம் சம்மதம் கேட்கிறது.

கேட்கிறது என்று எழுதிவிட்டேன். நடைமுறையில் கேட்கப்படுகிறதா என்பது வேறு விஷயம். 2019 ஜனவரியில், உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் மாவட்டத்தில் ஒரு வழிபாட்டிடத்தில் மனநோயாளிகள் சங்கிலியில் கிடப்பது உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கு மீண்டும் வந்தது. ஏர்வாடித் தீக்குப் பதினெட்டாம் ஆண்டில், அதே சங்கிலி, வேறு ஊர். மேலும் காப்பகங்களைப் பதிவு செய்யவும் ஆய்வு செய்யவும் சட்டம் வகுத்துள்ள ஏற்பாடு, உறவினரோடு வசிக்கும் வீட்டை நிலையமாகக் கருதுவதில்லை. ஆகவே கொல்லைப்புறத் தூணில் மகனைக் கட்டிவைத்திருக்கும் வீட்டுக்குள், தடை இருந்தும், அதைப் பார்க்கும் கண் எளிதில் நுழைவதில்லை. 5ஆம் பிரிவு சொல்லும் முன்கூட்டிய எழுத்துரை என்ற ஒன்று இருப்பதே தெரியாத மருத்துவமனைப் பணியாளர்களோடு நானே பேசியிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் புறநோயாளிப் பிரிவில் "உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்பதற்கு முதலில் நேரம் வேண்டும்.

மாற்றம் வந்த இடங்களும் உண்டு. ஏர்வாடி தர்கா வளாகத்துக்குள்ளேயே பின்னாளில் அரசு மனநல மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. துஆ எனும் பிரார்த்தனையும் நடக்கும், பக்கத்திலேயே மாத்திரையும் கிடைக்கும். நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று சொல்லாமல், நம்பிக்கை இருக்கும் இடத்துக்கே மருந்தைக் கொண்டு சென்ற இந்த ஏற்பாடு, குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாத்தார் தர்காவில் முன்பே நடந்த முயற்சியை ஒட்டியது. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட பேனியன் என்ற மனநலத் தொண்டு அமைப்பு, நெடுங்காலம் காப்பகத்திலேயே இருந்துவிட்ட பெண்களைச் சிறு குழுக்களாகச் சாதாரணத் தெருக்களின் வாடகை வீடுகளில் குடியமர்த்துகிறது. அங்கே என்ன சமைப்பது, எப்போது தூங்குவது, கதவை யார் பூட்டுவது என்பதை அந்த வீட்டில் இருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். சாவி அவர்களிடம் இருக்கிறது.

2019 ஏப்ரல் 18 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை வளாகத்துக்குள் வாக்குச்சாவடி அமைக்கப்பட்டு, அங்கிருந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். நீதிமன்றம் சித்த சுவாதீனமற்றவர் என்று அறிவித்தவரை மட்டுமே வாக்காளர் பட்டியலில் இருந்து நீக்க முடியும் என்பதே 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் நிலை. எனவே அவர்கள் அதற்கு முன்பும் சட்டப்படி வாக்காளர்களாக இருந்திருக்கக் கூடியவர்களே. அன்று செய்தித்தாள்களில் மை வைத்த விரலை உயர்த்திக் காட்டியவர்களின் படங்கள் வந்தன. வாக்களிக்கும் நிலையில் இருப்பவர்கள் யார் யார் என்று மருத்துவர்கள் முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தனர். அதே நாளில் மருத்துவமனைச் சுற்றுச்சுவருக்கு வெளியே இருந்த சாவடிகளில் வரிசையில் நின்ற எங்களை எந்த மருத்துவரும் சோதிக்கவில்லை.